தகரச் சுவருக்கு அந்தப் பக்கம்

எந்த உலோகத் துண்டையும் சோதிக்கும் முன் நெவெங்கா அதன் பின்பக்கம் போய்ப் பார்க்கிறாள். தேவாலயத்தைச் சுற்றுவதுபோல ஒரு முழுச் சுற்று. பின்னால் ஆள் இருந்தால் விரட்டுவாள், பூனை இருந்தாலும் விரட்டுவாள். "பின்னாடி மாப்பிள்ளை எவனாச்சும் ஒளிஞ்சிருக்கானா அக்கா?" என்று கிடங்கில் கேலி செய்வார்கள். "இருந்தா உன்னைவிட லட்சணமா இருப்பான், நகரு" என்பாள். சுற்றி முடித்து, முன்பக்கம் வந்து, கால்களை அகட்டி நின்ற பிறகுதான் கருவியைக் கையில் எடுப்பாள்.

கருவி என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. தலைமுடி உலர்த்துவார்களே, அதைப் போலத்தான் இருக்கும். மூக்கை உலோகத்தில் பொருத்தி விசையை அழுத்தினால் எக்ஸ்ரே கதிர் பாயும், சிவப்பு விளக்கு மின்னும், குரோமியம் இவ்வளவு நிக்கல் இவ்வளவு என்று திரையில் வந்துவிடும். ஸ்மெதெரெவோவில் டான்யூப் கரையை ஒட்டி இருக்கிறது எங்கள் பழைய இரும்புக் கிடங்கு. அதன் பிழைப்பே இந்தக் கருவியால்தான் ஓடுகிறது. ரகம் பிரிக்காமல் கலந்து அனுப்பினால் உலைக்காரன் லாரியை அப்படியே திருப்பிவிடுவான். கதிரோ கண்ணுக்குத் தெரியாது, சுடாது, நாறாது. அதனால் எங்கள் ஆண்களுக்கு அதைக் கண்டு பயமும் கிடையாது.

இத்தனைக்கும் நாங்கள் பயந்த ஜனங்கள். எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்துவைத்தால் குறுக்கே ஒரு காற்று ஓடுமே, அதற்கு செர்பியாவில் நடுங்காதவர் இல்லை. கழுத்துப் பிடிப்பு, பல்வலி, வாய் கோணுவது, பிள்ளை இல்லாதது எல்லாம் அந்தக் குறுக்குக்காற்றின் வேலை என்பது எங்கள் நம்பிக்கை. ஜூலை மாதப் பேருந்தில் ஒருவன் ஜன்னலைத் திறந்தால் மொத்தப் பேருந்தும் வியர்வையோடு அவனைத் திட்டும். நெவெங்காவும் இதற்கு விலக்கில்லை. கோடையிலும் இடுப்பில் கம்பளிப் பட்டை கட்டித்தான் வருவாள். பயிற்சிக்குப் போய் வந்தவள் கதிரைப் பற்றி எங்களுக்கு விளக்கியதும் அந்தக் கணக்கில்தான்.

"இதுவும் குறுக்குக்காத்துதான்டா. மூக்கு பார்க்கிற பக்கம் நிக்காதே. தள்ளி நின்னா பெரும்பாலும் ஆபத்து போச்சு. விசையை விட்டா காத்து நின்னுடும், எதுலயும் ஒட்டிக்கிட்டிருக்காது."

இதைவிடத் தெளிவாக எந்த அதிகாரியும் எங்களுக்குச் சொன்னதில்லை. ஆனால் கேட்டு நடப்பது வேறு கதை. இரும்பு வெட்டும் ரதீஷா ஒருநாள் கல்யாண மோதிரத்தை விரலோடு நீட்டி, தங்கமா பார் என்றான். மாமியார் போட்ட மோதிரம், அவனுக்கு நெடுநாள் சந்தேகம். கழற்றினால் தாலியறுத்த மாதிரி, ஆகாது என்று வேறு பிடிவாதம் பிடித்தான். சிறு துண்டைக்கூடக் கையில் பிடித்துச் சோதிக்காமல் தாங்கியில் வைப்பவள் அவள். விரலையா சோதிப்பாள்? பாத்திரம் கழுவும் சோப்பைத் தடவி, இரண்டு பேரை அவனைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, மோதிரத்தை உருவினாள். பித்தளை. அதிலிருந்து மாமியாரைப் பற்றிய கோபத்தை எல்லாம் ரதீஷா நெவெங்காவிடமே காட்டுகிறான்.

அவளைப் புனிதவதி என்று நினைத்துவிட வேண்டாம். சீட்டாட்டத்தில் கூசாமல் ஏமாற்றுவாள். சிகரெட் கேட்டால் கடைசி ஒன்றுதான் இருக்கிறது என்பாள், பையில் முழுப் பெட்டி இருக்கும். ஊர்க்கதை எல்லாம் அவள் வாயில் ஊறும். எடைமேடை அறையில் உட்கார்ந்திருக்கும் என்னிடம் காப்பி குடிக்க வந்தால், வந்த லாரி நின்று ஒலிப்பானை அடிக்கும்வரை நகர மாட்டாள்.

ஆனாலும் அந்தக் குளிர்காலத்தில் அவளிடம்கூட நான் ஒரு விஷயத்தை மறைத்து வைத்திருந்தேன். எனக்கு நாள் தள்ளிப் போயிருந்தது. முதல் தடவை ஆனந்தத்தில் உறவுக்கெல்லாம் சொல்லி, அது தங்காமலே போனது. கண் பட்டுவிட்டது என்றார் என் மாமியார். இந்தத் தடவை என் கணவன் மியோத்ராகைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. அவன் இதே கிடங்கில் கிரேன் ஓட்டுகிறான். வயிறு தெரியும்வரை வாயைத் திறப்பதில்லை என்று இருவரும் சத்தியம் செய்திருந்தோம்.

புனித நிக்கோலாஸ் நாள் வந்தது. எங்கள் முதலாளி தீஹோமிரின் குடும்பப் புனிதர் அவர்தான். அந்த நாளில் யாரையும் அழைப்பதில்லை, விருந்தினர் தாமாகவே வருவார்கள். அவர்கள் வரும்போது வீட்டுக்காரன் வாசலில் இல்லாவிட்டால் அதைவிட மானக்கேடு கிடையாது. முதலாளி மத்தியானமே கறுப்புக் கோட்டு சூட்டில் தயாராக நின்றார். அந்த நேரம் பார்த்து, உடைத்த பேருந்துகளின் அலுமினியத் தகடுகள் ஒரு லோடு வந்தன. பனியில் நனையாமலிருக்க, ஓட்டுநர் அவற்றை என் அறையின் தகரச் சுவரில் வரிசையாகச் சாய்த்துவிட்டுப் போய்விட்டான். ரகம் பிரித்து அன்றே அனுப்பியாக வேண்டும், வாங்குபவனின் லாரி வெளியே நிற்கிறது.

நெவெங்கா வழக்கம்போலச் சுற்றி வந்தாள். பின்னால் தகரம், தகரத்துக்குப் பின்னால் நான். எடைமேடையில் லாரிகள் வரிசை கட்டி நின்றதால், இடத்தை விட்டு எழக்கூடாது என்று எனக்கு உத்தரவு. தகடும் மெலிசு, சுவரும் மெலிசு, இரண்டையும் கதிர் தாண்டிவிடும், தகடுகளை எதிரே காங்கிரீட் சுவருக்கு மாற்றுங்கள் என்று அவள் சொல்வது எனக்குக் கேட்டது. மாற்றினால் இருட்டிவிடும் என்றார் முதலாளி. பல் டாக்டர் எடுக்கும் படத்தைவிட இது குறைவு என்றார். அந்தப் பெண்ணே ஒன்றும் சொல்லவில்லையே என்றும் சொன்னார்.

உண்மைதான், நான் ஒன்றும் சொல்லவில்லை. வயிற்றில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எழுந்து வெளியே போனால் ஏன் என்று கேட்பார்கள். சொன்னால் சத்தியம் போகும், அதோடு பிள்ளையும் போய்விடும் என்று தோன்றியது. சொல்லாவிட்டால் சுவருக்கு அந்தப் பக்கம் சிவப்பு விளக்கு எரியும்.

"ரதீஷா, நீ வாங்குடா அந்த மெஷினை" என்றார் முதலாளி.

நெவெங்கா கருவியின் பிடியிலிருந்து பேட்டரியை உருவினாள். மேலங்கியை விலக்கி, அதை இடுப்புக் கம்பளிப் பட்டைக்குள் செருகிக்கொண்டாள். காலிக் கருவியை ரதீஷாவிடம் கொடுத்தாள். ஜன்னல் வழியாக நானே பார்த்தேன். அங்கே கைவிட்டு எடுக்கும் தைரியம் ஸ்மெதெரெவோவில் எவனுக்கும் கிடையாது.

"முதலாளி, உங்கம்மாவ ரெண்டு ஜன்னலுக்கு நடுவுல உக்கார வெச்சு, கொஞ்ச நேரந்தானேன்னு சொல்வீங்களா?"

முதலாளியின் அம்மா எண்பதைத் தாண்டியவர். அவர் இருக்கும் வீட்டில் சாவித் துவாரத்தில்கூடப் பஞ்சு அடைத்திருக்கும். தீஹோமிர் கடிகாரத்தைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார். கோட்டைக் கழற்றி ரதீஷாவின் தோளில் போட்டுவிட்டு, முதல் தகட்டின் ஒரு முனையைத் தானே தூக்கினார். மறுமுனையை நெவெங்கா பிடித்தாள். முதலாளி வீடு போய்ச் சேர்ந்தபோது விருந்தினர்கள் விருந்து மீனைத் தின்று முடித்திருந்தார்களாம். அவர் அவளோடு ஒரு வாரம் பேசவில்லை. பிறகு எல்லோருக்கும் முன்னால் அவளுக்கென்று எடுத்துவைத்திருந்த திருநாள் ரொட்டியின் பெரிய துண்டு ஒன்றை அவள் கையில் கொடுத்தார்.

பனி உருகி, என் மேலங்கிப் பொத்தான் மூடாமல் போன பிறகு அவளிடம் சொன்னேன். அழுதுகொண்டேதான் சொன்னேன். அன்றைக்கே உனக்குத் தெரியுமா, அதனால்தானா என்று கேட்டேன். அவள் காப்பியை ஊதிக் குடித்தாள்.

"எனக்கெப்படித் தெரியும்? உள்ள நீ இருந்தே. அது போதாதா பொண்ணே?"

கொஞ்சம் கதிர் பட்டிருந்தாலும் ஒன்றும் ஆகாமல் போயிருக்கலாம் என்று டாக்டர் பிற்பாடு சொன்னார். இருக்கலாம். ஆனால் அன்று சுவருக்கு அந்தப் பக்கம் விளக்கு எரிந்திருந்தால், மிச்ச மாதங்களை நான் எப்படிக் கழித்திருப்பேன் என்று அந்த டாக்டருக்குத் தெரியாது. நான் தூங்கிய ஒவ்வொரு இரவும் அவள் கொடுத்தது. என்னை யாரென்றும் எப்படியென்றும் பார்க்காமல், ஓர் ஆள் என்பதற்காகவே காத்தவளுக்கு எப்படி நன்றி சொல்வது என்று எனக்கு இன்றும் தெரியவில்லை.

ஆகஸ்டில் மகள் பிறந்தாள். குழந்தை பிறந்தால் அப்பனின் சட்டையைக் கிழிக்க வேண்டும். கிழியக் கிழியத்தான் பிள்ளைக்கு நல்லது. நாங்கள் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வந்த அன்று கிடங்கே எங்கள் முற்றத்தில் திரண்டது. குழந்தைக்காக இறுக மூடிய ஜன்னலுக்கு உள்ளே நான் அவளை ஏந்திக்கொண்டு நின்றேன். ரதீஷாவும் மற்றவர்களும் மியோத்ராகின் சட்டையைக் காலரிலிருந்து தாறுமாறாகக் கிழித்தார்கள். முதலாளியும் ஒரு கை வைத்தார்.

தோளில் கந்தல் தொங்க, மியோத்ராக் நேராக நெவெங்காவிடம் போனான். வேலை முடிந்து அப்படியே நீல மேலங்கியோடு வந்திருந்தாள். அவன் அவளுடைய வலது தோள் தையலைப் பிடித்தான். அப்பனுக்கு மட்டுமே செய்யும் மரியாதை அது. ஒரு பெண்ணின் சட்டையில் யாரும் கைவைத்து நான் கேள்விப்பட்டதில்லை.

"பொறுடா" என்றாள். உடம்பில் எவ்வளவு கதிர் பட்டது என்று காட்டும் சின்ன அட்டை ஒன்று, கழற்ற மறந்து மார்பிலேயே இருந்தது. அதைக் கழற்றிப் பத்திரமாக ரதீஷாவிடம் கொடுத்தாள். பிறகு, அவன் கிழிக்க வாகாக, வலது கையை நீட்டினாள்.