இருமியவருக்கு ஒன்றுமில்லை

கொரோனாக் காலம். நாவற்குடாவில் ஒரு முதியோர் இல்லத்தில் பார்த்த வேலையை விட்டுவிட்டு, தோளில் பையோடு கல்லடிப் பாலத்தை நோக்கி நடந்துகொண்டிருந்தேன். பாலத்தடியில் பஸ் பிடித்தால் பனிச்சங்கேணி. அங்கே அக்கா பிள்ளை பெற்று ஒரு மாதம்கூட ஆகவில்லை. பிள்ளையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, அப்படியே வேறு வேலை தேடலாம் என்று எண்ணம்.

எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். ஓரிடத்தில் தரிப்பதில்லை. இந்த முறை என்னைக் கிளப்பியது இல்லத்து முதியவர் ஒருவரின் இருமல். வாவியில் மீன் பிடித்து, சுருட்டுக் குடித்தே வயதானவர். அவர் இருமினால் ஓடு அதிரும். மற்றவர்கள் பயந்துபோய் அவரைக் கூடத்தில் படுக்கவிடவில்லை. பின்பக்கச் சாமான் அறைக்குக் கட்டிலை நான்தான் தூக்கிப் போட்டேன். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, பல் இல்லாதவர்களுக்கு நான் உரலில் வெற்றிலை இடித்துக் கொடுப்பேன். எல்லோரும் ஒரே பாயில் நெருங்கி இருந்து, சப்பிச் சிரித்துக் கதைப்போம். அதிலும் அவருக்குப் பங்கில்லை.

சமையல்காரருக்குத் தொற்று என்று தெரிந்ததும், சுகாதாரப் பகுதியினர் வந்து எல்லோருக்கும் மூக்கில் குச்சி விட்டுப் போனார்கள். நான் முடிவுக்குக் காத்திருக்கவில்லை. எனக்குத் தும்மல் தடிமன்கூட இல்லையே.

பாலத்துக்குக் கிட்ட ஒரு மோட்டார் சைக்கிள் பின்னால் வந்து நின்றது. சுகாதாரப் பரிசோதகர். எட்டவே நின்றார்.

"எங்க தம்பி போறீங்க?"

"அக்காட வீட்ட சேர். கைப்பிள்ளைக்காரி."

"கிறுகி இல்லத்துக்கே நடங்க. உங்களுக்குத் தொற்று இரிக்கு."

"எனக்கா? அந்த இருமுற மனிசனுக்கெண்டு சொல்லுங்க."

"அங்க இரிக்கிற ஆக்களில அவருக்கு மட்டுந்தான் இல்ல."

பஸ் பாலத்தில் ஏறிப் போனது. நான் திரும்பி நடந்தேன்.

சாமான் அறை ஜன்னலில் அவர் நின்றிருந்தார். "என்ன மனே, ஓடினவனப் புடிச்சிட்டாங்களா? கிட்ட வராத, நீ வருத்தக்காரன்!" சொல்லிச் சிரித்ததில் அவருக்கு இருமல் வந்துவிட்டது. கூடத்தில் யாரும் சிரிக்கவில்லை. அவர்களில் ஒருவருக்கும் காய்ச்சலும் இல்லை, சளியும் இல்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி இருந்தார்கள்.

அடுத்த நாள் காலை, தன் வீட்டிலிருந்து வந்த இல்லப் பொறுப்பாளர் அம்மா வாசலில் நின்று கலங்கினார். தொற்றில்லாத ஆட்களைக் கூடத்துக்குள்ளே விடக்கூடாதாம். "இவங்களுக்கு ஆரு சோறு குடுக்கிற, ஆரு குளிப்பாட்டுற?"

"நான் இரிக்கன்தானே அம்மா" என்றேன். அதே வீட்டில் எனக்குப் புது வேலை. அம்மா வாசலில் வைத்துவிட்டு விலகிய தேத்தண்ணி வாளியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன்.

அந்த பஸ்ஸைப் பிடித்திருந்தால், ஒரு குறையும் வெளியே தெரியாத உடம்போடு போய் அக்காவின் பிள்ளையைக் கொஞ்சியிருப்பேன் என்ற நினைப்பு, எந்த வீட்டுப் படி ஏறும்போதும் இன்றுவரை என்னைக் கொஞ்சம் நிறுத்துகிறது.