நாய் வளர்க்கப் படித்தவன்

நாய்க்குட்டி வாங்குவதற்கு முன்னால் மூன்று மாதம் படித்தேன். பள்ளிக்கூடத்தில் இப்படிப் படித்திருந்தால் மில்லில் மேஸ்திரியாக நின்றிருக்க மாட்டீர்கள் என்று என் மனைவி சொன்னாள். அதை நான் பாராட்டாக எடுத்துக்கொண்டேன். ஷிப்ட் முடிந்து ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் வரும் பஸ்ஸில் வீடியோ, சாப்பிடும்போது வீடியோ, சாப்பிட்ட கை காயும் மட்டும் வீடியோ. நாய் வளர்ப்போர் வாட்ஸ்அப் குழுக்கள் நான்கில் சேர்ந்தேன். ஒரு நோட்டுப் போட்டு, தடுப்பூசிக்கு ஒரு பக்கம், தீனிக்கு ஒரு பக்கம், பழக்கும் முறைக்கு மட்டும் பதினாறு பக்கம் எழுதினேன்.

அந்த நோட்டோடுதான் குட்டி எடுக்கப் போனேன். ராஜபாளையத்துக்கு மேற்கே மலையடிவாரத் தோப்பில் ஒருவர் தன் அப்பா காலத்திலிருந்து இந்த நாய்களை வளர்க்கிறார். வெள்ளை வெளேரென்று ஏழு குட்டிகள். மூக்கின் நிறத்தைப் பார்த்தேன், வாலைப் பார்த்தேன், நகத்தைக்கூட விடவில்லை. ராஜபாளையம் நாயின் பூர்வீகத்தை அவருக்கே விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அண்ணாச்சி, எடுக்கதுக்கு முன்னால செத்த நேரம் குட்டி பக்கத்துல உக்காந்து பாருங்க. பின்னால நின்னு ஒரு தட்டைத் தட்டிப் பாருங்க," என்றார். தட்டைத் தட்டினால் குட்டி மிரளும், இந்த வயதில் மிரளவிடக் கூடாது என்று நான் படித்திருந்தேன். அதை அவரிடம் சொல்லவும் செய்தேன்.

"எல்லாம் தெரிஞ்சுதான் வந்திருக்கீக. பொறவு நான் சொல்றதுக்கு என்ன இருக்கு?" என்றார். அதையும் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.

குட்டி நன்றாக வளர்ந்தது. சொன்ன பேச்சைத்தான் கேட்கவில்லை. 'வா' என்றால் வராது. 'உட்கார்' என்றால் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கும். நோட்டைப் புரட்டினால் ஒருவர் பிஸ்கட் கொடு என்கிறார், இன்னொருவர் பிஸ்கட் கொடுத்தால் கெட்டுப்போகும் என்கிறார். ஒருவர் கட்டிப்போடு என்கிறார், அடுத்தவர் அவிழ்த்துவிடு என்கிறார். இத்தனை பேருக்கு நடுவில் மீசையை முறுக்கிக்கொண்டு ஒரு ஆள், இது வேட்டை நாய், இதற்கு ரத்தத்திலேயே திமிர் உண்டு, எஜமான் யாரென்று காட்டினால்தான் பணியும் என்றார். அவரை எனக்குப் பிடித்துப்போயிற்று. ஆயிரம் பேர் பேச்சைக் கேட்பதில் இப்படி ஒரு வசதி இருக்கிறது. நம் கோபத்துக்கு ஒத்து ஊத அதில் ஒருத்தர் கட்டாயம் அகப்படுவார்.

அடித்தேன். மறைத்து என்ன ஆகப்போகிறது? ஒருமுறை கூப்பிட்டு வராவிட்டால் முதுகில், இரண்டாவது முறையும் வராவிட்டால் முகத்தில். நாளாக நாளாகக் கையை ஓங்கினாலே படுத்துக்கொண்டது. 'பணிய ஆரம்பித்துவிட்டது' என்று தேதி போட்டு நோட்டில் எழுதினேன்.

தீபாவளி வந்தது. சிவகாசி பக்கத்தில் இருக்கிற ஊரில் வெடிக்கா பஞ்சம்? தெருநாய்கள் எல்லாம் சாக்கடைக்குள் நடுங்கிக் கிடக்க, என் நாய் வாசலில் காலை நீட்டித் தூங்கியது. பத்தடி தள்ளிச் சரவெடி வெடிக்கிறது, அதற்கு ஒரு சலனமும் இல்லை. அதை வீடியோ எடுத்து, 'வேட்டை ரத்தம்' என்று எழுதிக் குழுவில் போட்டேன். இதயமும் கும்பிடுமாக வந்து குவிந்தன. அன்றைக்கு அதை நான் அடிக்கவில்லை.

மறுவாரம் மனைவி கையிலிருந்து குக்கர் மூடி தவறி விழுந்தது. நாயின் முதுகுக்குப் பின்னால், ஒரு முழம் தள்ளி. அது திரும்பவில்லை.

"இங்க பாருங்க, இதுக்குக் காது கேக்கல," என்றாள்.

"நடிக்குது," என்றேன்.

"நாய்க்கு எதுக்கு நடிப்பு? எம்புட்டுச் சொன்னாலும் காதுல ஏறாதது உங்களுக்குத்தான்."

அவளே ஆட்டோ பிடித்து நாயை டாக்டரிடம் கொண்டுபோனாள். நானும் ஒட்டிக்கொண்டேன். டாக்டர் அதன் பின்னால் போய்க் கை தட்டினார், சாவிக்கொத்தைக் குலுக்கினார். இரண்டு நிமிஷத்தில் முடிந்துவிட்டது. "பிறவியிலேயே ரெண்டு காதும் கேக்காது. இந்த வெள்ளை நாய்கள்ல சிலதுக்கு இது உள்ளதுதான். எத்தனை மாசமா உங்ககிட்ட இருக்கு?" என்று கேட்டார். ஏழு மாதம் என்றேன். அவர் நாயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எனக்கு எங்கேயாவது போய் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

"பழக்கலாம். கையைக் காட்டிப் பழக்குங்க. இதுக்கு உங்க கைதான் பேச்சு," என்றார்.

மில்லில் எட்டு மணி நேரமும் கையால் பேசுகிறவன் நான். மிஷின் இரைச்சலில் அங்கே வாயைத் திறந்து புண்ணியமில்லை. உள்ளங்கையைக் கவிழ்த்தால் நிறுத்து, விரலைச் சுழற்றினால் ஓட்டு. வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு அந்தப் பாஷையைச் சொல்லிக்கொடுப்பதே நான்தான். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தவன் கதை என்று சிரிக்கலாம். அவன் வெறுமனே அலைந்தான், அவ்வளவுதான். நான் அப்படியா?

வீட்டுக்கு வந்து, தீபாவளி வீடியோவுக்குக் கீழே வந்தவற்றை முதல்முறையாக ஒவ்வொன்றாகப் படித்தேன். இதயங்களுக்கும் கும்பிடுகளுக்கும் நடுவில், யாரென்றே தெரியாத ஒருவர், 'காது கேட்குமா, பார்த்தீர்களா?' என்று கேட்டிருந்தார். அதற்கு நான் ஒரு இதயம் போட்டிருந்தேன்.

இப்போது மனைவிதான் பழக்குகிறாள். ஒரு வீடியோவும் பார்க்கவில்லை. நாயைத்தான் பார்க்கிறாள். உள்ளங்கையைத் தன் பக்கம் இழுத்தால் ஓடி வருகிறது, விரலைத் தாழ்த்தினால் உட்காருகிறது. பதினைந்து நாளில் இவ்வளவும் படித்துவிட்டது. திமிரும் இல்லை, மண்ணும் இல்லை.

நானும் தினமும் ஷிப்டுக்குக் கிளம்பும் முன் அதன் எதிரே தரையில் உட்கார்ந்து, மெதுவாகக் கையைத் தூக்குகிறேன். உடனே தரையோடு தரையாகப் படுத்துவிடுகிறது. கையை இறக்கிக் கொஞ்ச நேரம் பொறுத்து மறுபடி தூக்கினால், கண்ணை இறுக்கி மூடிக்கொள்கிறது. அடிக்க வரவில்லை என்று சொல்வதற்கும் எனக்கு அந்தக் கைதான் இருக்கிறது.