பல்பொடிப் பெட்டிக்கு நான் எழுதிய ஐந்தாவது வரி

டூத் பேஸ்ட் வாங்கப்போய், என்னைப்போல அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறவன் சிவகாசியில்கூடக் குறைவு. பல்மேல் அக்கறை என்று நினைத்துவிட வேண்டாம். எனக்கு ஓர் அச்சகத்தில் டிடிபி வேலை. லேபிள், காலண்டர், அட்டைப்பெட்டி எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் வடிவமைத்துக் கொடுப்பவன். கடையில் பேஸ்ட்டைக் கையில் எடுத்தால், சிவப்பும் நீலமும் பிசகாமல் ஒன்றின்மேல் ஒன்று உட்கார்ந்திருக்கிறதா, மடிப்பில் பளபளப்புக்குப் பூசிய வார்னிஷ் வெடித்திருக்கிறதா என்றுதான் முதலில் கண் போகும். பெட்டி சுத்தமாக இருந்தால் வாங்கிவிடுவேன்.

இரண்டாயிரம் பிறந்து நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. கடைகளில் உப்புப் போட்ட பேஸ்ட், வேம்பு போட்ட பேஸ்ட், பச்சை ஜெல், சிவப்பு ஜெல் என்று வரிசையாக வந்து நின்றன. எதை எடுப்பது என்று சனம் முழித்தது. நான் முழிக்கவில்லை. எல்லாப் பெட்டியிலும் எழுதியிருப்பது என்னைப்போல ஒருத்தன் உட்கார்ந்து அடித்ததுதானே என்று ஒரு இளக்காரம். அந்த இளக்காரத்தோடு நிறுத்தியிருந்தால் இதை எழுத வேண்டிய அவசியமே இல்லை.

அந்த வருஷம் காலண்டர் சீசன் முடிந்து பொங்கலும் போய்விட்டது. மிஷின்கள் பாதி நேரம் சும்மா கிடந்தன. அப்போது ஒரு பார்ட்டி வந்தார். ஆர்டர் கொடுக்க வருகிறவரை நாங்கள் பார்ட்டி என்றுதான் சொல்வோம். வெளியூர்க்காரர், சிவப்புப் பல்பொடி போடுகிறார், சின்ன அட்டைப்பெட்டி வேண்டும் என்றார். முன்பக்கத்துக்குப் பெயரும் ஒரு கிராம்புப் படமும் கையோடு கொண்டுவந்திருந்தார். பின்பக்கத்துக்கு ஒன்றும் இல்லை.

“பின்னால என்ன எழுதணும்னு சொல்லுங்க” என்றேன்.

“நம்ம பொடியப் பத்தி நல்லதா நாலு எழுதுங்க தம்பி. இடம் காலியாக் கெடந்தா பாக்க நல்லாருக்காது.”

நாலு வரியை மற்ற பெட்டிகளில் இருந்து எடுத்தேன். பல் வெளுக்கும், வாய் நாற்றம் போகும், பூச்சி அண்டாது, ஈறில் ரத்தம் கசிவது நிற்கும். அப்படியும் அடியில் ஒரு வரிக்கு இடம் மிஞ்சியது. எழுத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன், அசிங்கமாக இருந்தது. கொஞ்சம் யோசித்து, ‘ஆடும் பல்லும் கெட்டிப்படும்’ என்று அடித்தேன். ஓரத்துக்கு ஓரம் கச்சிதமாக உட்கார்ந்தது. மற்ற நாலும் எவனோ எழுதியது. ஐந்தாவது முழுக்க முழுக்க என் சொந்தச் சரக்கு.

டாக்டர் படம் ஒன்றும் வேண்டும் என்றார் பார்ட்டி. எங்கள் கட்டிங் மிஷின் ஓட்டுகிற அண்ணனை வெள்ளைச் சட்டையோடு சுவரோரம் நிற்கவைத்துப் படம் எடுத்து, கழுத்தில் ஒரு ஸ்டெதாஸ்கோப்பைக் கம்ப்யூட்டரில் மாட்டிவிட்டேன். பல் டாக்டருக்கு ஸ்டெதாஸ்கோப் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. முதலாளி பார்த்துவிட்டுத் தோளில் தட்டினார். அன்றைக்கு நான் பட்ட சந்தோஷத்தை நினைத்தால் என்னை நானே ஒரு அறை விட்டுக்கொள்ளலாம் போலிருக்கிறது.

அக்கா என்னைவிட எட்டு வயது மூத்தவள். எம். புதுப்பட்டிப் பக்கம் ஒரு வெடிக் கம்பெனியில் திரி செருகும் வேலை அவளுக்கு. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுத் தீப்பெட்டி ஆபீஸுக்குப் போனவள். நான் பன்னிரண்டு வரை படித்ததும் கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டதும் அவள் கை வேலையில்தான். அதை எடுத்துச் சொன்னால் அவளுக்குப் பிடிக்காது. “இப்ப என்னங்கற, மாலை போடப் போறியா?” என்று சிரிப்பாள். சத்தமான சிரிப்பு. கம்பெனியில் ஒரு ரூமுக்கு நாலு பேர்தான் உட்காரலாம், பேச்சும் அளவோடுதான் இருக்க வேண்டும். அக்கா சிரித்தால் மூன்று ரூம் தள்ளி நிற்கிற போர்மேன் அங்கிருந்தே அதட்டுவாராம்.

வேலைக்குப் போகிற வேன் காலை ஆறரைக்கெல்லாம் தெருமுனைக்கு வந்துவிடும். அவள் வீடும் எங்கள் தெருவில்தான். ஒரு நாள் தெருக் குழாயடியில் அவசரமாக வாய் கொப்பளித்துத் துப்பினாள். தண்ணீர் சிவப்பாக ஓடியது.

“என்னக்கா இது?”

“கொஞ்ச நாளா இப்படித்தான் வருது. முன்பல்லு ஒண்ணு லேசா ஆடவும் செய்யுது. ஏலே, நீ டவுனுக்குப் போறவந்தான. எந்தப் பேஸ்ட்டு நல்லதுன்னு பாத்து ஒண்ணு வாங்கியா.”

டாக்டரிடம் கூட்டிப்போக நினைத்தேன், முடியவில்லை என்று எழுதலாம். பொய். அந்த நினைப்பே வரவில்லை. மேல்பல்லைப் பிடுங்கினால் கண்பார்வை போய்விடும் என்று நம்புகிற தெரு எங்களுடையது. பல்லுக்காக யாரும் பஸ் ஏறியதில்லை. பார்ட்டி பொடி அடைத்து மாதிரிக்குக் கொடுத்த பெட்டி இரண்டு என் பைக்குள் கிடந்தது. எடுத்து நீட்டினேன்.

“ஏலே, இது உங்க கம்பெனியில அடிச்சதா?”

“ஆமா. பின்னால இருக்கதெல்லாம் நான் எழுதுனது.”

அவள் வேனை மறந்துவிட்டாள். பெட்டியைத் திருப்பி, எழுத்துக்கூட்டி ஒவ்வொரு வரியாக வாசித்தாள். கடைசி வரியை இரண்டு தடவை வாசித்தாள். “எனக்குன்னே எழுதுன மாதிரி இருக்குலே” என்றாள்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். அக்கா, அது இடத்தை அடைக்க எழுதினது என்று ஒரு வார்த்தை. எழுதியதை அவள் வாசிக்கிறாள் என்ற பெருமையில் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். மறுநாள் காலை நான் என் பேஸ்ட்டைப் பிதுக்கித் தேய்த்தேன். அவள் பொடியை விரலில் தொட்டுத் தேய்த்தாள். அந்தப் பொடியை நான் ஒரு நாளும் வாயில் வைத்ததில்லை.

பொடியில் கிராம்பு எண்ணெயைத் தாராளமாக விட்டிருந்தார்கள். தேய்த்தால் ஈறு மரத்துப்போகும், வலி அடங்கிவிடும். “சும்மா சொல்லக்கூடாது, நல்லாக் கேக்குது” என்றாள் அக்கா. காலையில் ஒரு தடவை தேய்த்தவள் மூன்று தடவை தேய்க்கத் தொடங்கினாள். மதியம் கம்பெனியில் சாப்பிட்ட கையோடு தொட்டித் தண்ணீர்ப் பக்கம் நின்று தேய்ப்பாள். கூட வேலை பார்க்கிற பெண்களின் உள்ளங்கையிலும் கொஞ்சம் கொட்டி, “எந் தம்பி கம்பெனிச் சரக்கு” என்பாள். பெட்டி மட்டும்தான் எங்களுடையது, பொடிக்கும் எங்களுக்கும் சம்பந்தம் இல்லை என்று நானும் திருத்தவில்லை. கொஞ்ச நாளில் அவர்களும் கடையில் அதையே கேட்டு வாங்கினார்கள்.

இரண்டு வருஷம் இப்படிப் போனது. ஈறு இறங்கி அக்காவின் பற்கள் நீளமாகத் தெரிய ஆரம்பித்தன. முன்வரிசையில் இடைவெளி விழுந்தது. “வயசாகுதுல்லா” என்றாள். அவளுக்கு நாற்பதுகூட ஆகவில்லை. ஒரு நாள் முறுக்கைக் கடித்தபோது பல் ஒன்று முறுக்கோடு சேர்ந்து வந்துவிட்டது. ரத்தமும் பெரிதாக இல்லை, வலியும் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அடுத்த திங்கட்கிழமை அவள் வீட்டுப் பட்டா விஷயமாக மனுக் கொடுக்க நாங்கள் சூலக்கரைக்குக் கலெக்டர் ஆபீஸ் போக வேண்டியிருந்தது. அந்த வேலை முடிந்ததும் விருதுநகர் டவுனுக்குள் ஒரு பல் டாக்டரிடம் அவளைக் கிட்டத்தட்ட இழுத்துக்கொண்டுதான் போனேன். டாக்டர் சின்ன வயதுப் பெண். அக்கா வாயைத் திறந்ததும் விளக்கைக் கிட்டே இழுத்துவைத்துப் பார்த்தார். பிறகு எதை வைத்துப் பல் தேய்க்கிறீர்கள் என்று கேட்டார். அக்கா மஞ்சப்பைக்குள் கையை விட்டுப் பெட்டியையே எடுத்து நீட்டினாள்.

டாக்டர் பின்பக்கத்தை வாசித்துவிட்டுச் சொன்னார்: “இந்தப் பொடியால நோய் வரலம்மா, நோய் முன்னாடியே இருந்திருக்கு. பல்லுக்கும் ஈறுக்கும் நடுவுல காரை கட்டி, உள்ள எலும்பு வரைக்கும் அரிச்சிருச்சு. ரத்தம் வந்த அன்னிக்கே வந்திருந்தா காரையச் சுரண்டி எடுத்துட்டுப் பல்லக் காப்பாத்தியிருக்கலாம். பொடி மரத்துப்போக வச்சதுல நீங்க சரியாயிருச்சுன்னு நெனச்சுட்டீங்க. முன்பல்லு மேலயும் கீழயும் எட்டு எடுக்கணும்.”

என் வாய் சும்மா இருக்கவில்லை. “அப்ப எந்தப் பேஸ்ட் நல்லது டாக்டர்?” என்று கேட்டேன்.

“எதுவா இருந்தா என்ன சார். பல்லும் ஈறும் சேர்ற எடத்துல பிரஷ்ஷ வச்சு ரெண்டு நிமிஷம் மெதுவாத் தேய்க்கறதுதான் முக்கியம். பேஸ்ட்டே இல்லாமலும் அழுக்கு போகும். புளோரைடு இருந்தா சொத்தை விழாம இருக்க உதவும், அதுக்காகப் போட்டுக்கலாம். நுரையும் காரமும் நம்ம மனசுக்குத்தான்.”

இத்தனை வருஷம் கடை கடையாக நான் பெட்டியைத் திருப்பிப் பார்த்ததற்கு விடை அவ்வளவுதான். அதை எந்தப் பார்ட்டியும் பெட்டியில் அடிக்கச் சொல்ல மாட்டான். சொன்னால் எவனுடைய சரக்கும் விற்காது.

டாக்டர் விரலால் கடைசி வரியைத் தட்டினார். “ஆடற பல்லு கெட்டிப்படுமாம். இதெல்லாம் யாரு சார் எழுதுறாங்க?”

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

“பொடி போடுறவங்க எழுதிக் குடுக்கறதுதான்” என்றேன்.

அக்கா பெட்டியை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டாள். திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தவள், ஆனைக்குட்டம் தாண்டியதும் பெட்டியை வெளியே எடுத்தாள். அப்புறம் மெதுவாகக் கேட்டாள்.

“கடைசி வரி யாரு சொல்லி எழுதுனலே?”

“யாரும் சொல்லல. இடம் மிச்சம் இருந்துச்சு.”

கோபப்படுவாள் என்று காத்திருந்தேன். ஏலே, நாசமாப் போறவனே என்று அந்தப் பஸ்ஸில் வைத்து நாலு பேர் பார்க்கத் திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். “சரி விடு” என்று சொல்லிவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பற்களை இரண்டு மூன்று தடவையாகப் பிடுங்கினார்கள். கண்பார்வைக்கு ஒன்றும் ஆகவில்லை. கட்டிக் கொடுத்த பல்செட்டு சரியாகப் பொருந்தாமல் உள்ளே உரசியது. அதைப் போட்டுக்கொண்டு சிரித்தால் நழுவிவிடும் என்று பயந்து சிரிப்பதையே குறைத்துக்கொண்டாள். அக்கா இப்போதெல்லாம் இருக்கிற இடமே தெரியவில்லை என்று போர்மேன் சொன்னாராம். பாராட்டாகத்தான் சொல்லியிருக்கிறார்.

அந்த வருஷமும் பல்பொடிப் பெட்டிக்கு மறு ஆர்டர் வந்தது. நான் கடைசி வரியை எடுத்துவிட்டு முதலாளியிடம் காட்டினேன். “என்னப்பா, அடியில மொட்டையா இருக்கு” என்றார். எங்கள் அக்காவுக்கு இப்படி ஆகிவிட்டது என்று தொண்டைவரை வந்தது. என் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம், வீட்டில் மாதச் சாமான், எல்லாம் அந்த நாற்காலியில்தான் இருந்தது. வரியைத் திரும்பப் போட்டேன். இதற்கு மேல் என்னைப் பற்றி நான் சொல்ல என்ன இருக்கிறது. இன்னும் ஒன்று இருக்கிறது.

பல் போய் நாலு மாசம் இருக்கும். சிவகாசி பஸ் ஸ்டாண்டில் ஊர் பஸ்ஸுக்காக நின்றபோது அக்காவோடு ஒரே ரூமில் வேலை பார்க்கிற அம்மா ஒருத்தர் வந்தார். நலம் விசாரித்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

“தம்பி, தப்பா நெனைக்காதீக. உங்க அக்கா இம்புட்டு நாளா பொயிலை போட்டிருக்காகளாம்ல, கூடவே இருந்தும் எங்க ஒருத்திக்கும் தெரியல. பல்லு போனது அதனாலதான்னு அவுகளே சொன்னாக. நாங்க உங்க பொடியத்தான் ஒரு மாதிரி பேசிக்கிட்டு இருந்தோம். எந் தம்பி எழுதுனதக் குத்தம் சொன்னீகன்னா பாத்துக்கோங்கன்னு சண்டைக்கே வந்துட்டாக. நெசந்தானா தம்பி, பொயிலை போடுவாகளா?”

அக்கா புகையிலையைக் கையால் தொட்டவள்கூட இல்லை. கல்யாண வீட்டில் கொடுக்கிற வெற்றிலையையும் பக்கத்தில் இருக்கிறவர்களுக்குக் கொடுத்துவிடுவாள். அந்தம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“ஆமா” என்றேன். “போடும்.”

“அப்பச் சரி” என்று மூச்சு விட்டார். “எனக்கும் கீழ்ப்பல்லு ரெண்டு ஆடுது. பொடிய நிறுத்திரலாமான்னு பயந்துக்கிட்டே கெடந்தேன்.”

பஸ் வந்தது. அவர் ஏறி முன்னால் உட்கார்ந்தார். நான் இரண்டு சீட் பின்னால் உட்கார்ந்து ஊர்வரைக்கும் வந்தேன்.