அக்காவின் வாயைக் கட்டினேன்

போன மாதம் ஒரு டாக்டரம்மாவிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். அதுவும் எங்கே? காக்ஸ் டவுன் பக்கத்து டிஸ்பென்ஸரியில், இரண்டு பெஞ்சு நிறைய நோயாளிகள் வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கும்போது.

என் குற்றம் – அக்காவைப் பேசவிடாமல் செய்தது.

என் அக்கா தனத்தை அறிந்தவர்கள் இதை நம்பவே மாட்டார்கள். தெருக்குழாயடியில் அவள் பேச ஆரம்பித்தால் நாலாவது வீட்டுத் தொட்டிலில் தூங்குகிற குழந்தை எழுந்துவிடும். அப்படிப்பட்டவளை இரண்டு வருடத்துக்கு மேல் வீட்டுக்குள் மௌனவிரதம் இருக்க வைத்தேன்.

நல்லெண்ணத்தில்தான்... கேளுங்கள்.

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்குத் தெரியும், எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய்ப் படித்து முடித்தவன் நான் ஒருவன்தான். ஹைஸ்கூலில் முதல் நாள் வாத்தியார் இங்கிலீஷில் என் பெயரைக் கேட்டார். எனக்குக் கேள்வியே புரியவில்லை. அப்பாவுக்கு என்ன வேலை என்று கேட்கிறாராக்கும் என்று நினைத்து, "மில்" என்றேன். எஸ்.எஸ்.எல்.சி. முடிகிற வரைக்கும் எனக்கு அந்த வகுப்பில் 'மிஸ்டர் மில்' என்றுதான் பெயர்.

அக்காவுக்குக் கவுதமன் பிறந்தபோது தீர்மானம் செய்துகொண்டேன் – இவன் அந்த மாதிரி விழிக்கக் கூடாது. அப்போது எதிலோ படித்திருந்தேன், சிறு குழந்தையின் காதில் எந்த பாஷை விழுகிறதோ அது தானாக வந்துவிடும் என்று. போதாதா? ஒரு அட்டையை எடுத்தேன். 'கம், கோ, சிட், ஈட், ஸ்லீப், டோன்ட் டச்' என்று இருபத்தாறு வார்த்தைகளைத் தமிழ் எழுத்தில் எழுதி அடுப்புக்கு மேலே மாட்டினேன். பிள்ளையிடம் இவற்றைத்தான் பேச வேண்டும். தமிழ் பேசினால் கெட்டுப்போவான்!

"தெரியாத பாஷைல நான் எப்பிடிடா கொஞ்சறது?" என்றாள் அக்கா.

"கொஞ்சறதெல்லாம் அப்புறம் அக்கா. உன் புள்ள ஆபீசர் ஆகணுமா, வேணாமா?"

எந்தத் தாய் வேண்டாம் என்பாள்? அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல, இருபத்தாறையும் மனப்பாடம் செய்தாள். படித்தவன் சொல்லுக்கு எங்கள் வீட்டில் அப்பீல் கிடையாது.

எங்களோடு அதே வீட்டில் இருக்கிற அவள் புருஷன் முனுசாமி மாமா மில் ஷிப்டு முடிந்து வந்ததும் பிள்ளையைத் தூக்குவார். ஏதோ சொல்ல வாயைத் திறப்பார். அட்டை ஞாபகம் வரும். மூடிக்கொண்டு இறக்கி விட்டுவிடுவார். அதையெல்லாம் நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். மாமா கட்டுப்பாடாக இருக்கிறார் என்று சந்தோஷப்பட்டேன்...

கவுதமனுக்கு இரண்டு வயது முடிந்தது. பேசவில்லை. "ஆம்பளப் புள்ளைக்கு லேட்டாத்தான் வரும்" என்றார்கள். இரண்டரை முடிந்தது. 'ம்... ம்...' என்று கையைக் காட்டுவான், அவ்வளவுதான். வசம்பைச் சுட்டு நாக்கில் தடவினார்கள். தேன் தடவினார்கள். மூன்று நெருங்கியபோது குழாயடியில் ஒருத்தி சாதாரணமாகக் கேட்டாளாம்: "தனம், உன் ஊமப் புள்ளைய எங்க காணோம்?"

அன்றிலிருந்து அக்கா விடிவதற்கு முன்பே தனியாகப் போய்த் தண்ணீர் பிடிக்க ஆரம்பித்தாள். பிள்ளையை வெளியே எடுப்பதில்லை. ஒரு நாள் என் ஆபீஸ் சட்டைக்குப் பித்தான் தைத்துக்கொண்டே, "இவனுக்குப் பேச்சு வராதாடா?" என்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. மறுநாளே லீவு போட்டேன்.

டாக்டரம்மா மங்களூர்ப் பக்கத்துக்காரர். கவுதமனுக்குப் பின்னால் நின்று ஒரு கரண்டியைக் கீழே போட்டார். சட்டென்று திரும்பினான். நாக்கைப் பார்த்தார். தொண்டையைப் பார்த்தார்.

"காது, நாக்கு எல்லாம் நல்லாத்தான் இருக்கு. வீட்டுல இவன்கிட்ட யாரு பேசறது?"

"பேசறோம்மா" என்றாள் அக்கா. "கம்... கோ... சிட்... டோன்ட் டச்..."

"என்னது?"

"தம்பி எழுதிக் குடுத்திருக்கான்மா. தமிழ்ல பேசக் கூடாது."

டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார். "ஏனப்பா, வீட்டுல யாருக்கு இங்கிலீஷ் தெரியும்?"

"எனக்கு."

"நீ எத்தன மணிக்கு வீட்டுக்கு வருவே?"

"ஏழு, ஏழரை ஆயிடும் மேடம்."

"அதுவரைக்கும் பிள்ளை யார்கிட்ட பேச்சு கத்துக்கும்? சுவத்துகிட்டயா?"

பெஞ்சில் ஒருவர் இருமலோடு சேர்த்துச் சிரித்தார்.

"நாய்க்குட்டிகிட்டகூட இதைவிட அதிகமா பேசுவாங்கப்பா! பேச்சைக் கேக்காத பிள்ளைக்குப் பேச்சு எங்கிருந்து வரும்? முதல்ல ஒரு பாஷை வயிறு நிறைய கேக்கட்டும். ஸ்கூலுக்குப் போனா இங்கிலீஷ் கத்துக்குவான்."

அக்காவுக்கு நம்பிக்கை வரவில்லை. "ஏதாச்சும் மருந்து எழுதுங்கம்மா..."

"நீதான்மா மருந்து. காலைலேர்ந்து ராத்திரி வரைக்கும் பேசு. சண்டை போட்டாலும் அவன் காதுல விழற மாதிரி போடு."

வெளியே வந்தோம். சர்ச் மூலை திரும்பியதும் அக்கா ஆரம்பித்தாள். "டேய் கவுதமா, அங்க பாருடா ஜட்கா. குதிர பாரு, எப்பிடி இளைச்சிருக்குது. கொள்ளு போடாம அடிக்கிறான் பாரு, படுபாவி. இது பன்னு விக்கிற பாய் கடை. நீ வயித்துல இருந்தப்ப தெனம் ஒண்ணு துன்னேன், தெரியுமா? உங்கப்பன் வாங்கியாந்து குடுக்கும்..."

வீடு வருகிற வரைக்கும் நிறுத்தவில்லை. பிள்ளை பிறந்த நாளிலிருந்து அவனிடம் சொல்லாமல் அடக்கி வைத்திருந்ததெல்லாம் வந்துகொண்டே இருந்தது. நடுவில் என்னையும் விடவில்லை. "உன் மாமன் இருக்கானே, பெரிய படிப்பாளி!" நான் பத்தடி தள்ளிப் பின்னால் நடந்தேன். கவுதமன் அவள் உதட்டையே பார்த்துக்கொண்டு வந்தான்.

அன்று சாயங்காலமே அட்டை அடுப்பு விசிறப் போய்விட்டது. மாமா, மூன்று வயது கூட ஆகாத பிள்ளையிடம் மில் ஃபோர்மேன் செய்கிற அக்கிரமங்களை விவரமாகச் சொன்னார். அவரும் இவ்வளவு பேசுவார் என்பது எனக்கு அன்றுதான் தெரியும்.

யோசித்துப் பார்க்கிறேன். பிள்ளைக்கு நல்லது செய்வது என்றால், வீட்டில் இல்லாததை எங்கிருந்தாவது கொண்டுவந்து தருவதுதான் என்று நினைக்கிறோம். இருப்பதைப் பிடுங்கிவிட்டு அந்த இடத்தில் அதை வைக்கிறோம் என்பது கண்ணுக்குத் தெரிவதில்லை. என் அக்காவிடம் தங்கமில்லை, படிப்பில்லை. பேச்சு மட்டும் மூட்டை மூட்டையாக இருந்தது. அந்த ஒரு சொத்தைத்தான் நான் பூட்டி வைத்தேன். வகுப்பில் விழித்தவன் நான். அதற்கு மருந்து குடித்தவன் கவுதமன்!

இரண்டு வாரம் ஒன்றும் நடக்கவில்லை. டாக்டரம்மா சொன்னது தப்பாக இருந்தால்?

போன ஞாயிறு காலை. இப்போதெல்லாம் அக்கா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு எல்லோரும் போகிற நேரத்துக்கே தண்ணீருக்குப் போகிறாள். எவளோ ஒருத்தி குடத்தை நடுவில் நுழைத்திருக்கிறாள். அக்கா வாயைத் திறப்பதற்குள் இடுப்பிலிருந்து ஒரு குரல், அவள் தினம் போடுகிற அதே அதட்டலில்:

"ஏய்! கியூ! கியூ!"

அக்கா குடத்தை அங்கேயே போட்டுவிட்டு ஓடி வந்தாள். கண்ணெல்லாம் தண்ணீர், வாயெல்லாம் சிரிப்பு.

"டேய் தம்பி, பேசிட்டான்டா! உன் ஆசப்படியே இங்கிலீஷ்லதான்டா பேசறான்!"

குழாயடியில் கிடந்த குடத்தை நான்தான் போய் எடுத்து வந்தேன்.

அப்புறம் 'தா' வந்தது, 'வாணாம்' வந்தது, 'போடா' வந்தது. இதை எழுதுகிறபோதும் என் முதுகில் தொங்கிக்கொண்டு ஏதோ சொல்லிக்கொண்டே இருக்கிறான். மூன்று தரம் வரி தப்பிவிட்டது. என்ன செய்ய... அவனை வாயை மூடச் சொல்லும் உரிமை இந்த வீட்டில் எனக்கு மட்டும் கிடையாது!