உப்புத் தண்ணீர் தெளித்த சாலை

எழுபதுகளின் தொடக்கம், புரட்டாசி மாதம். காலை ஆறே முக்காலுக்கு விருதுநகரில் பஸ் ஏறினேன். பாளையம்பட்டி வருவதற்குள் என் வெள்ளைச் சட்டை காவியாகிவிட்டது. கும்பகோணத்துக்காரன் நான், சேற்றில் வழுக்கி விழுந்து பழக்கமே தவிர, இவ்வளவு புழுதியைத் தின்று பழக்கமில்லை. அருப்புக்கோட்டையில் இறங்கிப் பதினைந்து காசுக்கு டீ வாங்கினேன். முதல் மடக்கை வாய் கொப்பளிக்கவே செலவழித்தேன்.

நான் தேடிப் போனது புழுதி எழாத ஒரு சாலையை. திருச்சுழி போகும் வழியில் பிரிந்து கல்குவாரிக்குச் செல்லும் சரளைச் சாலை ஒன்றில் ஏதோ ரசாயனம் தெளித்திருக்கிறார்கள், லாரி போனாலும் தூசி கிளம்புவதில்லை என்று நண்பர் எழுதியிருந்தார். கோடையில் புழுதி பறக்கும் எங்கள் ஊர்க் கடைத்தெருவுக்கும் அதைக் கேட்டு மனுப் போடலாம் என்று எனக்கு ஆசை.

திருச்சுழி பஸ்ஸில் டிக்கெட் ஐம்பது காசு. இறங்க வேண்டிய இடத்தைச் சொன்னதும் கண்டக்டர் சிரித்தார்.

"உப்பு ரோட்டப் பாக்கவா போறீக? ஆடு நக்குனது போக மிச்சம் இருந்தா பாருங்க."

வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். ஒன்பது மணிக்கு இறங்கிப் பார்த்தால், நாலைந்து வெள்ளாடுகள் நிஜமாகவே சாலையை நக்கிக்கொண்டு நின்றன. சாலை அப்போதுதான் தண்ணீர் தெளித்த வாசல் போலக் கறுத்து ஈரமாக இருந்தது. குவாரி லாரி ஒன்று கல் லோடோடு வந்தது. நான் அவசரமாகத் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டேன். லாரி போயே போய்விட்டது. ஒரு பொட்டுத் தூசி இல்லை. துண்டும் கையுமாக அசடு வழிய நின்றேன்.

"இப்பிடித்தான் வாறவுக எல்லாரும் மூக்கப் பொத்துறாக" என்றபடி எதிர் வீட்டிலிருந்து ஒருவர் வந்தார். பெருமாள்சாமி. பருத்தியும் கம்பும் போடும் சம்சாரி. சாலையோரத்தில் முதல் வீடு அவருடையது. தூத்துக்குடி உப்பளத்தில் உப்பு எடுத்தபின் பாத்தியில் மிஞ்சும் கசப்புத் தண்ணீர்தான் அந்த ரசாயனம் என்று அவர் சொல்லித்தான் தெரிந்தது. காற்றின் ஈரத்தை இழுத்து மண்ணைக் கட்டிவைக்குமாம். அதற்காகச் செருப்புத் தேய ரோடு இலாகா ஆபீசுக்கு நடந்தவரும் அவர்தான். காரணம், வீட்டுக்குள் இருந்தார். அவர் மனைவி சீனியம்மாளுக்கு இழுப்பு. தூசி பட்டால் மூச்சு நின்று நின்று வரும்.

"மூணு வருசமா செவத்துல சாஞ்சு உக்காந்தே தூங்குனவ. இப்ப எட்டு நாளா படுத்துத் தூங்குறா" என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க எனக்கே சந்தோஷமாக இருந்தது.

பதினொரு மணிக்கு ஊருணியைக் காட்ட அழைத்துப் போனார். அந்த ஊருக்கே குடிதண்ணீர் அது ஒன்றுதான். அடியில் முழங்கால் அளவுக்குக் கலங்கல் கிடந்தது. ஆறு குளம் எதுவுமில்லாத இடத்தில் இது எப்படி நிறைகிறது என்று, காவிரிக்கரை மிதப்பில் கேட்டேன்.

"ரோட்டுத் தண்ணிதான்யா. மழை பெஞ்சா ரோட்டுல விழுகுறது பூராவும் இந்த வாய்க்கா வழியா உள்ள வந்துரும். வருசா வருசம் ஊரே கூடித் தூர்வாரி, வாய்க்கா மொகத்துல சூடம் கொளுத்துவோம். அதுக்கப்புறம் யாரும் குறுக்க ஒரு மண்ணாங்கட்டி வைக்கக் கூடாது. உப்பு தெளிக்க வந்த ஆபீசருகூடக் கேட்டாரு, ரோட்டுத் தண்ணி வெள்ளாமைக் காட்டுக்குப் போகுமான்னு. ஒரு சொட்டு விடமாட்டோம்யான்னு சொன்னேன்."

பெருமையாகத்தான் சொன்னார். நான் சும்மா இருந்திருக்கலாம். "அப்படியென்றால் இந்த உப்பும் ஊருணிக்குத்தானே வரும்?" என்று கேட்டுவிட்டேன்.

 அவர் வாய்க்காலைப் பார்த்தார், சாலையைப் பார்த்தார், பிறகு உட்கார்ந்துவிட்டார். எட்டு நாளாக அந்த ஊரில் ஒருவருக்கும் இது தோன்றவில்லை. தூசி அடங்கிய சந்தோஷம் அப்படி.

இரண்டு மணிக்கு மேற்கே கருமேகம் கட்டியது. மற்ற வருஷமாக இருந்தால் வானத்தைப் பார்த்துக் கும்பிட்டிருப்பார்கள். பெருமாள்சாமி மண்வெட்டியோடு வாய்க்கால் முகத்தில் நின்றார். சேதி தெரிந்து சுற்றிலும் ஊர் நின்றது. முகத்தை அடைத்து மறுகரையை வெட்டிவிட்டால் உப்புத் தண்ணீர் பக்கத்துக் காட்டோடைக்குப் போய்விடும். அரைமணி நேர வேலை. ஆனால் ஒரு கையும் எழவில்லை.

"ஏலே பெருமாளு, வாற தண்ணிய மறிக்கவா சொல்லுத? வெளங்குமாலே ஊரு?" என்றார் அவர் வயதுக்காரர் ஒருவர்.  பெருமாள்சாமி மண்வெட்டியை ஓங்கினார், இறக்கினார், மறுபடி ஓங்கினார்.

அப்போது சீனியம்மாள் வந்தார். பத்தடிக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்கிக்கொண்டு வந்தார். இடுப்பில் ஒரு கூடை மண்.

"எனக்காகப் போட்ட உப்புதான? நானே மறிக்கேன். பாவம் எனக்கு வரட்டும்" என்று சொல்லி மண்ணை வாய்க்காலில் கொட்டினார்.

அதன்பின் எல்லோரும் இறங்கினார்கள்.  மூன்றே முக்காலுக்கு மழை பிடித்தது. முக்கால் மணி நேரம் கொட்டித் தீர்த்தது. சாலையில் விழுந்த தண்ணீரெல்லாம் ஊருணியின் வாசல்வரை வந்து, திரும்பி, ஓடைக்குள் இறங்கிப் போயிற்று. நனைந்துகொண்டே அதைப் பார்த்து நின்றார்கள். சிலர் அழுதார்கள். எனக்கும் தாங்கவில்லை.

மழையில் பஸ் வரவில்லை. அவர்கள் வீட்டிலேயே தங்கினேன். மறுநாள் வெயில் சுள்ளென்று அடித்தது. வாய்க்கால் அடைப்பை எடுத்துவிட்டார்கள். சாலையை மழை கழுவிவிட்டது, அடுத்த மழை நல்ல தண்ணீராக வரும் என்றார் பெருமாள்சாமி. எப்போது வரும் என்று நான் கேட்கவில்லை. உப்பு தெளிக்க வேண்டாம் என்று ஆபீசில் சொல்ல, அன்றே நடந்து போனார்.

பன்னிரண்டு மணிக்குள் சாலை காய்ந்துவிட்டது. குவாரி லாரி ஒன்று போனது. பின்னால் பழையபடி செம்புழுதி எழுந்து வீட்டுக்குள் வந்தது. சீனியம்மாள் பாயைச் சுருட்டி மூலையில் வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நான் போய்வருகிறேன் என்றேன்.

"உங்க ஊர்ல, ரோட்டுத் தண்ணி எங்கய்யா போகும்?" என்று இழுப்புக்கு நடுவில் கேட்டார்.

"சாக்கடைக்கு அம்மா."

அவர் முந்தானையால் வாயைப் பொத்தி இருமினார்.

"அம்புட்டு நல்ல தண்ணியுமா?" என்றார்.