பிரிட்டாவின் பெயரை அச்சிடத் திருப்பூர் போனேன்

சின்ன ஆர்டருக்கெல்லாம் திருப்பூர் போகலாமா என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். போகலாம். போன வெள்ளிக்கிழமை நான் போனது நாற்பது டீ-சர்ட்டுகளை எடுத்துவர.

பதினெட்டாம் நூற்றாண்டு ஸ்வீடன் கவிஞர் பிரிட்டாவின் கவிதைகளை என் அக்கா மலர் தமிழில் மொழிபெயர்த்திருக்கிறாள். அந்த ஞாயிற்றுக்கிழமை ஈரோட்டில் வெளியீடு. வருகிறவர்களுக்குக் கொடுக்க, பிரிட்டாவின் நான்கு வரிகளும் அடியில் பெயரும் அச்சிட்ட சட்டை.

பிரிட்டா சின்ன வயதிலேயே கணவனை இழந்தவர். ஊரார் கல்யாணத்துக்கும் சாவுக்கும் கூலிக்குக் கவிதை எழுதிப் பிள்ளைகளை வளர்த்தார். அச்சான தாளில் மாப்பிள்ளை பெயர் இருக்கும், அச்சகத்தின் பெயர்கூட இருக்கும். அவர் பெயர் இருக்காது. சொந்தப் பெயரில் புத்தகம் வந்தபோது அவருக்குத் தலை நரைத்துவிட்டது.

ஈரோட்டிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம். ஸ்டேஷனிலிருந்து, அச்சடிக்கக் கொடுத்திருந்த யூனிட் இருக்கும் நெருப்பெரிச்சல் பகுதி ஏழெட்டு கிலோமீட்டர். ஆட்டோக்காரர் இருநூறு கேட்டார், கொடுத்துவிட்டேன். பேரம் பேசும் பொறுமை எனக்கில்லை. உங்களுக்கு இருந்தால் பஸ்ஸும் உண்டு.

பிரிண்டிங் யூனிட் நடத்துபவர் தங்கமணி அக்கா. சட்டைகள் மடித்துத் தயாராக இருந்தன. ஒன்றை இழுத்துப் பார்த்தேன். அச்சில் விரிசல் இல்லை. ஆனால் கவிதைக்குக் கீழே பெயரைக் காணோம்.

"பேர் எங்கக்கா?"

"நாந்தானுங்க எடுக்கச் சொன்னேன். பிரிட்டாங்கறது யாரோட பிராண்டோ? அதை நெஞ்சுல போட்டு, நாளைக்குக் கம்பெனிக்காரன் கேஸ் போட்டா நீங்களா வருவீங்க? பிராண்டு பேரு கழுத்து லேபிளுக்குத்தானுங்க."

"கம்பெனி இல்லக்கா. அதை எழுதின பொம்பள."

"ஃபைலை மட்டும் அனுப்பிச்சுப் போட்டு ஆளு ஆருன்னு சொல்லாட்டி, நான் என்ன சோசியமா பாக்கறேன்?"

நியாயம்தான். கதையைச் சொன்னேன்.

"ஏனுங்க, எழுதுனது அவங்க, பேரு மாப்பிள்ளைக்கா? அட, இப்ப நானுமில்ல எடுத்துப் போட்டேன்!"

மேஜையில் ஓடிக்கொண்டிருந்த எக்ஸ்போர்ட் வேலையை நிறுத்தச் சொன்னார். பெயருக்கு மட்டும் தனியாக ஒரு ஸ்கிரீன் போட்டு அடித்து, காயவைக்க மூன்று மணி நேரம். எழுத்து, மலர் கொடுத்த அளவைப்போல இரண்டு மடங்கு.

"அளவு தப்புக்கா."

"இத்தன நாளா இல்லாத பேரு. இனியும் தேடித்தேடிப் படிக்கோணுமாக்கும்?"

படமெடுத்து மலருக்கு அனுப்பினேன். உடனே அழைத்தாள். "டேய், நான் ஏன்டா அவ்வளவு சின்னதாப் போட்டேன்? இதுவே இருக்கட்டும்."

நீங்கள் போவதானால், மொத்தமும் அடிப்பதற்கு முன் ஒரு சாம்பிள் கேளுங்கள். ஃபைலோடு நிறுத்தாமல், சட்டையில் இருப்பது யார் என்றும் சொல்லுங்கள். எண்ணியும் வாங்குங்கள்: மூட்டை கட்டும்போது தங்கமணி தன் அளவுக்கு ஒன்றை உருவிக்கொண்டார். ஞாயிறு கூட்டத்தில் அந்தச் சட்டை முன்வரிசையில் உட்கார்ந்திருந்தது.