‘ப்ளோ-அப்’ என்று எழுதிய தாள்

நாங்கள் அப்போது கடற்கரையில் கட்டவிருந்த ஒரு ஹோட்டலை வரைந்துகொண்டிருந்தோம். எங்கள் கட்டட வரைபடக் கம்பனியின் தலைமை ஒபிஸ் சிங்கப்பூரில். கொழும்பில் இருந்தது சின்னக் கிளை. யுத்த காலம். பிரின்ட் எடுக்கும் கடை கொழும்பிலேயே, கொட்டாஞ்சேனையில். ஒரு மத்தியானம் நானும் கூட வேலை செய்த அன்ரனும் பிரின்ட் சுருள்களோடு திரும்பும்போது செக்பொயின்டில் மறித்தார்கள். அன்ரன் கொட்டாஞ்சேனையிலேயே பிறந்தவன். அவனுடைய அடையாள அட்டையை உடனே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். என்னுடையதில் பிறந்த இடம் யாழ்ப்பாணம். சுருளை விரிக்கச் சொன்னார்கள்.

மேல் தாளில், என் கையால், கொட்டை இங்கிலீஷ் எழுத்தில்: ‘ப்ளோ-அப், மெயின் லொபி’.

படத்தின் ஒரு பகுதியைப் பெரிதாக்கி வரைந்தால் எங்கள் ஒபிஸில் அதற்கு அதுதான் பெயர். வெடிக்க வைப்பதற்கும் அதே சொல்தான் என்பது, குண்டு வெடிக்கிற ஊரில் இருந்துகொண்டு, எங்கள் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

“வாயைக் குடுக்காத மச்சான். நான் போய் மிஸ் லிம்மைக் கூட்டிக்கொண்டு வாறன்” என்றான் அன்ரன்.

என்னைக் கொண்டுபோன பொலிஸ் ஸ்டேஷனில் வாயைக் கொடுத்தேன். படத்தைப் பெரிதாக்குவது என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். ஹோட்டல் லொபியை நான் ஏன் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும் என்று இன்ஸ்பெக்டர் அமைதியாகக் கேட்டார். எங்கள் வெள்ளவத்தை லேனில் இதைவிடச் சின்ன விஷயத்துக்குப் பிடிபட்ட ஒரு பெடியன் மாதக்கணக்கில் வீடு திரும்பவில்லை.

மிஸ் லிம் வந்தார். எங்கள் டிசைன் டைரக்டர். அந்தக் கிழமை சிங்கப்பூரிலிருந்து வந்திருந்தார். அதிகம் கதைக்காத மனுஷி. தூதரகத்தைக் கூப்பிடப்போகிறார் என்று நினைத்தேன். அவரோ இன்ஸ்பெக்டருக்கு எதிரே உட்கார்ந்து, அந்தத் தாளைப் புரட்டிப்போட்டு, பேனையைத் திறந்தார்.

முதலில் ஹோட்டலின் பிளான், சின்னதாக. அதில் லொபியைச் சுற்றி ஒரு வட்டம். பக்கத்தில் அதே லொபி பெரிதாக எழும்பியது: தூண்கள், படிகள், உள்ளே விழும் வெயில். அப்போதுதான் கவனித்தேன். அவ்வளவையும் அவர் தலைகீழாக வரைந்துகொண்டிருந்தார். இன்ஸ்பெக்டரின் பக்கமிருந்து பார்த்தால் எல்லாம் நேராக நின்றது. என்னைப் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்பதே எனக்கு மறந்துபோயிற்று. அப்படி ஒரு கையை நான் அதற்குமுன் கண்டதில்லை.

இன்ஸ்பெக்டர் வட்டத்தில் ஒரு விரலை வைத்தார், பெரிய படத்தில் இன்னொன்றை.

“மே புஞ்சி எக்க, லொக்கு கரலா?”

சின்னதைப் பெரிதாக்கியதா என்று கேட்கிறார். மிஸ் லிம்முக்குச் சிங்களம் தெரியாது. ஆனாலும் ஓம் என்று தலையாட்டினார். இன்ஸ்பெக்டர் என் அடையாள அட்டையை என் பக்கம் தள்ளினார்.

அதன்பின் அந்தச் சொல்லை நாங்கள் ஒரு தாளிலும் எழுதவில்லை. ஆனால் நான் படித்தது அதுவல்ல. எதிரே இருப்பவருக்கு நேராகத் தெரியவேண்டியதுதான் படம். கிளையன்டுக்கு முன்னால் நானும் தலைகீழாக வரையப் பழகிக்கொண்டேன். ஏசி அறையில், கையில் கோப்பியோடு இருக்கும் கிளையன்டுக்கு வரையும்போதுகூட என் கோடு கொஞ்சம் நடுங்கும். சுற்றிவரத் துவக்கு ஏந்திய பொலிஸார் நின்ற அந்த மேசையில், மிஸ் லிம்முடைய கோடு ஓரிடத்திலும் நடுங்கவில்லை.